தென்கிழக்கு ஆசியா: நிலமும் நீர்வழியும் வளர்ச்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வேலை தேடுபவர்கள், ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் என்று பலருக்கும் இந்தப் பகுதியைப் பற்றிக் கேள்விகள் உண்டு. வளர்ச்சி விகிதம் என்ற ஒரே எண்ணை வைத்து இதைப் பேசி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சரக்கு எந்தத் தண்ணீர் வழியாகப் போகிறது, அதை விளைவித்தவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்ற இரண்டையும் கேட்டால்தான் படம் தெளிவாகும். கீழே உள்ள பதில்கள் அந்தப் பார்வையில் எழுதப்பட்டவை.

தென்கிழக்கு ஆசியாவில் எந்தெந்த நாடுகள் அடங்கும்?

பதினொன்று. மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம், மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, பிலிப்பைன்ஸ், கிழக்கு திமோர். மொத்த மக்கள்தொகை 68 கோடிக்கு மேல்; அதில் ஏறத்தாழ 28 கோடிப் பேர் இந்தோனேசியாவில் மட்டும் இருக்கிறார்கள். எல்லா நாடுகளின் உற்பத்தியையும் கூட்டினால் சுமார் 4 லட்சம் கோடி டாலர் வரும். இது இந்தியப் பொருளாதாரத்தின் அளவுக்கு அருகில் நிற்கும் தொகை. ஆனால் சராசரி இங்கே எதையும் சொல்லாது. சிங்கப்பூரின் தலா உற்பத்தி மியான்மரைப் போல அறுபது மடங்குக்கும் மேல்.

இதன் நில அமைப்பு எப்படிப்பட்டது?

வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு பாதிகள் தெரியும். வடக்கே கண்டத்தோடு ஒட்டிய பாதி, தெற்கே தீவுகளால் ஆன பாதி.

வடபாதியில் மலைத்தொடர்கள் வடக்கிலிருந்து தெற்காக இறங்குகின்றன. அவற்றுக்கு நடுவே ஐராவதி, சல்வீன், சாவோ பிரயா, மீகாங் ஆகிய ஆறுகள் ஓடுகின்றன. வியட்நாமின் வடக்கே செவ்வாறு தனியாகக் கடலில் சேர்கிறது. ஆற்றோடு இறங்கிப் போவது எளிது. மலை தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போவது கடினம். அதனால்தான் ஒவ்வொரு ஆற்றுச் சமவெளியிலும் தனி மொழி, தனி அரசு, தனி நெல் விளைச்சல் என்று வரலாறு அமைந்தது. யாங்கோன், பாங்காக், ஹோ சி மின் நகரம் மூன்றும் ஆறு கடலைத் தொடும் இடத்துக்கு அருகில் வளர்ந்தவை. கடலே இல்லாத ஒரே நாடு லாவோஸ். அதன் இன்றைய சிக்கல்களில் பாதி இதிலிருந்தே தொடங்குகிறது.

தென்பாதியில் இந்தோனேசியாவுக்கு மட்டும் 17,000-க்கு மேற்பட்ட தீவுகள், பிலிப்பைன்ஸுக்கு 7,641. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கிருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது சுமத்ரா, ஜாவா, போர்னியோ மூன்றும் மலாய்த் தீபகற்பத்தோடு ஒரே நிலமாக இருந்தன. பிறகு நீர் ஏறி மூடிய அந்தச் சமவெளிதான் இன்றைய ஆழம் குறைந்த சுந்தாத் திட்டு. கடலடி எண்ணெயும் எரிவாயுவும் அங்கேதான் கிடைத்தன.

எரிமலைகளை விட்டுவிட முடியாது. இந்தோனேசியாவில் மட்டும் செயல்படும் எரிமலைகள் 120-க்கு மேல். 1815-இல் தம்போரா, 1883-இல் கிரகத்தோவா, 1991-இல் பிலிப்பைன்ஸின் பினத்துபோ எல்லாம் உலகத்தின் தட்பவெப்பத்தையே தொட்டவை. அதே எரிமலைச் சாம்பல்தான் ஜாவாவின் மண்ணைச் செழிப்பாக்கி வைத்திருக்கிறது. ஜாவாவின் பரப்பு ஏறக்குறைய தமிழ்நாட்டின் பரப்பு. மக்கள்தொகையோ தமிழ்நாட்டைப் போல இரு மடங்கு. இந்தோனேசியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஒரு தீவில் வாழ்கிறார்கள். பக்கத்துப் போர்னியோவில் எரிமலை மண் இல்லை. அங்கே காடு அடர்ந்தது, ஊர்கள் அடரவில்லை.

மலாக்கா நீரிணைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

மலாய்த் தீபகற்பத்துக்கும் சுமத்ராவுக்கும் இடையே 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குறுகிய கடல் அது. பாரசீக வளைகுடா எண்ணெய் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போக, சீனத் தொழிற்சாலைப் பொருள்கள் ஐரோப்பாவுக்குப் போக, இதுவே குறுக்குவழி. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இதைக் கடக்கின்றன. சிங்கப்பூருக்குத் தெற்கே ஓரிடத்தில் கப்பல் செல்லும் வழி 3 கிலோமீட்டருக்கும் குறைவாகக் குறுகுகிறது. நீர் ஆழம் போதாத மிகப் பெரிய கப்பல்கள் பாலிக்குக் கிழக்கே உள்ள லொம்போக் நீரிணை வழியாகச் சுற்றிப் போகின்றன.

இந்த நீரிணையின் செல்வத்தைப் பருவக்காற்று தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. ஒரு காற்றில் இந்தியாவிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் மரக்கலங்கள் வரும். மறு காற்றில் சீனாவிலிருந்து வரும். காற்று திரும்பும்வரை வணிகர் காத்திருந்தாக வேண்டும். தங்க இடமும் கிடங்கும் நியாயமான சுங்கமும் கொடுத்த ஊர் வளர்ந்தது. ஸ்ரீவிஜயம், மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் என்று அந்த ஊரின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இது நிரந்தரப் பட்டா அல்ல என்பதைச் சிங்கப்பூர் அறியும். 2000-இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் சரக்குக் கையாளலை அண்டை மலேசிய மாநிலமான ஜொகூரில் புதிதாக எழுந்த தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்கு மாற்றியபோது சிங்கப்பூர் அதிர்ந்தது. கட்டணத்தையும் ஒப்பந்த முறைகளையும் திருத்தியது. 2024-இல் அது கையாண்ட பெட்டிகள் 4 கோடிக்கு மேல் (இருபது அடிப் பெட்டிக் கணக்கில்). அவற்றில் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகும் சரக்கு.

ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பும் இதற்காகத்தானா?

1025-ஐ ஒட்டி நடந்த அந்தப் படையெடுப்பில், சுமத்ராவை மையமாகக் கொண்ட கடல்வணிக அரசான ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்கள் வரிசையாகத் தாக்கப்பட்டதை ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. அவன் அந்த நிலத்தை நிலையாகப் பிடித்து ஆளவில்லை. சீனாவுக்குப் போகும் வணிகத்தில் ஸ்ரீவிஜயம் குறுக்கே நின்றதே காரணம் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. என் கவனத்தை அதிகம் இழுப்பவர்கள் படைவீரர்களைவிட வணிகர்கள். தாய்லாந்தின் தகுவா பாவில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பெயர் வரும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சுமத்ராவின் பாரூஸ் அருகே ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினரின் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. பாரூஸ் கற்பூரத்துக்குப் பேர்போன ஊர்.

காலனி ஆட்சி இந்தப் பொருளாதாரத்தை எப்படி மாற்றியது?

வழிப்போக்கு வணிகமாக இருந்ததை விளைபொருள் ஏற்றுமதியாக மாற்றியது. பிரேசிலிலிருந்து 1876-இல் லண்டனின் கியூ தோட்டத்துக்கு வந்த ரப்பர் விதைகளின் கன்றுகள் அடுத்த ஆண்டு சிங்கப்பூரை அடைந்தன. அங்கே தாவரவியல் பூங்காவை நடத்திய ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டு முறையை உருவாக்கினார். மோட்டார் வாகனம் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா ரப்பராலும் வெள்ளீயத்தாலும் நிறைந்தது. அந்தக் காட்டை அழித்துப் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கங்காணிகள் ஆள் திரட்ட, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள்.

அவர்களுக்கு மிஞ்சியது என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மலாயா விடுதலை பெற்ற காலத்தில் பிரிட்டிஷ் முதலாளிகள் பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கத் தொடங்கினார்கள். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் மலேசியத் தமிழர்கள் வேதனையோடு சொல்லும் காலம் அது. வேலையும் போய், தோட்ட வீடும் போய், கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்த ஊரே இல்லாமல் போனது. அதைத் தடுக்கத்தான் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீட்டுமனைகளும் நெடுஞ்சாலைகளும் வந்தன. மலேசியாவின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுந்திருப்பது பிராங் பெசார் என்ற பழைய தோட்டத்தின்மேல். மலேசிய வளர்ச்சியைப் பாராட்டும் கட்டுரைகளில் இந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

பர்மாவின் (இன்றைய மியான்மர்) கதை வேறு. பிரிட்டிஷார் ஐராவதிக் கழிமுகத்தைப் பிடித்த பின் அந்தச் சதுப்புநிலம் உலகத்துக்கே அரிசி அனுப்பும் வயலானது. இரண்டாம் உலகப் போருக்கு முன் பர்மாவின் அரிசி ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன். நிலத்தைத் திருத்த உழவருக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை சரிந்தது, கடன் அடைபடவில்லை, அடமான நிலங்கள் கைமாறின. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலமே செட்டியார்களிடம் இருந்தது. 1937-இல் அது கால் பங்காகிவிட்டது. பர்மிய உழவரின் கோபத்துக்கும், ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாக அஸ்ஸாம் நோக்கி ஓடியதற்கும், விடுதலைக்குப் பின் நிலம் தேசியமயமானதற்கும் இந்த எண்ணில் ஒரு பகுதி விடை இருக்கிறது. செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்க்கும்போது பர்மாத் தேக்கோடு இதையும் நினைவில் வைக்கலாம்.

தொழில் வளர்ச்சி எப்போது வேகமெடுத்தது?

1960-களின் பிற்பகுதியிலிருந்து, ஓரிரு துறைமுக நகரங்களில். 1965-இல் மலேசியாவிலிருந்து பிரிந்த சிங்கப்பூரிடம் குடிநீரே போதாது. ஜொகூரிலிருந்து குழாயில் வந்தது. நிதியமைச்சராக இருந்த கோ கெங் சுவீ ஜூரோங் சதுப்பைத் தொழிற்பேட்டையாக்கினார். 1972-இல் தஞ்சோங் பகாரில் சரக்குப் பெட்டி முனையம் திறந்தது. பினாங்கு 1969-இல் சுங்கமில்லாத் துறைமுகத் தகுதியை இழந்து வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருந்தது. முதலமைச்சர் லிம் சோங் யூ பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வலயம் தொடங்க, 1972-இல் இன்டெல் அங்கே ஆலை அமைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு உலகில் மின்னணுச் சில்லுகளைப் பொருத்திச் சோதித்து உறையிடும் வேலையில் ஏறத்தாழ 13 சதவீதம் மலேசியாவில் நடக்கிறது. அதன் நடுநாயகம் பினாங்கு.

அடுத்த திருப்பம் 1985 செப்டம்பரில் நியூயார்க்கில் கையெழுத்தான பிளாசா ஒப்பந்தம்; டாலரின் மதிப்பைக் குறைக்க ஐந்து பெரிய நாடுகள் செய்துகொண்டது. டாலருக்கு 240 யென் அளவில் இருந்த மதிப்பு இரண்டே ஆண்டுகளில் 120-ஐ நெருங்கியது; அதாவது யென்னின் விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. ஜப்பானில் செய்து ஏற்றுமதி செய்வது கட்டுப்படியாகாமல் போகவே, ஜப்பானிய நிறுவனங்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் இடம்பெயர்ந்தன. பாங்காக்குக்குத் தென்கிழக்கே லேம் சபாங் துறைமுகமும் ரயோங் வாகன ஆலைகளும் அந்த அலையில் வளர்ந்தவை. நல்ல கொள்கையும் உழைப்பும் இருந்தன. கூடவே சரியான நேரத்தில் ஒரு நாணய மாற்றமும் அமைந்தது.

1997-இல் என்ன நடந்தது?

தாய்லாந்து வங்கிகளும் நிறுவனங்களும் குறுகியகால டாலர் கடனை வாங்கி நிலத்திலும் கட்டடத்திலும் போட்டிருந்தன. டாலருக்கு 25 பாத் என்று கட்டிவைத்த மதிப்பைக் காக்க முடியாமல் 1997 ஜூலை 2 அன்று அரசு கைவிட்டது. ஆறே மாதத்தில் ஒரு டாலர் 50 பாத்தைத் தாண்டியது. தீ இந்தோனேசியாவுக்குத் தாவியதும் ரூபியா 2,400-லிருந்து 15,000-க்கு மேல் சரிந்தது. 1998-இல் அந்நாட்டின் உற்பத்தி 13 சதவீதம் சுருங்கியது. முப்பது ஆண்டு ஆண்ட சுகார்த்தோ மே 21 அன்று பதவி விலகினார். மலேசியா சர்வதேச நாணய நிதியத்திடம் போகாமல், மூலதனம் வெளியேறத் தடை போட்டு, டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிறுத்தியது. அப்போது கண்டிக்கப்பட்ட அந்த முடிவு பின்னாளில் பலராலும் நியாயமானதாக ஏற்கப்பட்டது. இன்று இந்த நாடுகளின் மத்திய வங்கிகள் பெரிய அந்நியச் செலாவணிக் கையிருப்போடு இருப்பதற்கு அந்த ஆண்டின் அச்சமே காரணம்.

வியட்நாம் எப்படி இவ்வளவு வேகமாக முன்னேறியது?

1986-இல் அங்கே பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நெல் விளையும் நாடு அரிசி இறக்குமதி செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கம்யூனிஸ்ட் கட்சி ‘தோய் மோய்’ என்ற சீர்திருத்தத்தை அறிவித்தது. ஆலைகளுக்கு முன்பே வயல்களில் மாற்றம் வந்ததைப் பலர் கவனிப்பதில்லை. 1988-இல் கூட்டுப்பண்ணை நிலம் குடும்பங்களின் பொறுப்புக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்க அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே வியட்நாம் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. காப்பியிலும் இதே கதை; இன்று பிரேசிலுக்கு அடுத்த பெரிய உற்பத்தியாளர் வியட்நாம்தான், ரொபஸ்டா வகையில் முதலிடம்.

பிறகுதான் ஆலைகள். அமெரிக்க வணிகத் தடை 1994-இல் நீங்கியது. 2007-இல் உலக வணிக அமைப்பில் இடம் கிடைத்தது. சாம்சங் ஹனோய்க்கு அருகே பக் நின்னில் 2009 முதல் கைபேசி செய்யத் தொடங்கியது; இன்று அதன் கைபேசிகளில் ஏறத்தாழ பாதி வியட்நாமில் உருவாகின்றன. வடவியட்நாம் சீனாவின் குவாங்சி எல்லைக்குப் பக்கம். உதிரிபாகங்கள் லாரியில் வந்துவிடும். ஹைபோங் துறைமுகம் கையெட்டும் தூரம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கடற்கரையில், எந்த ஆலையும் துறைமுகத்திலிருந்து வெகுதூரம் இருக்காது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள்.

2024-இல் ஏற்றுமதி 40,000 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பத்தில் ஏழு பங்கு வெளிநாட்டு நிறுவனங்களுடையது, மூன்று பங்கே உள்நாட்டாருடையது. பெட்டியில் ‘வியட்நாமில் தயாரிக்கப்பட்டது’ என்று இருந்தாலும் உள்ளிருக்கும் பாகங்களில் பெரும்பகுதி சீனா, கொரியாவிலிருந்து வருபவை. சொந்த நிறுவனங்களை வளர்க்காவிட்டால் கூலி வருமானத்தோடு நின்றுவிடுவோம் என்று ஹனோயில் உள்ளவர்களே கவலைப்படுகிறார்கள். வின்ஃபாஸ்ட் மின்வாகன நிறுவனம் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்ததை இந்தக் கோணத்தில் பாருங்கள். முதலீட்டை வாங்கிக்கொண்டிருந்த நாடு இப்போது முதலீடு செய்யும் நாடாகவும் முயல்கிறது.

இந்தோனேசியாவின் நிக்கல் கொள்கை வெற்றிதானா?

பாதி வெற்றி. சுலாவெசி, ஹல்மகேரா தீவுகளில் நிக்கல் தாது ஏராளம். அதைக் கல்லாகவே கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2020 ஜனவரி முதல் தாது ஏற்றுமதிக்கு முழுத்தடை வந்தது: வேண்டுமானால் இங்கே வந்து உருக்குங்கள் என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டது. 2022-இல் தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிராக வந்தும் அரசு பின்வாங்காமல் மேல்முறையீடு செய்தது. சுலாவெசியின் மொரோவாலியில் மீனவர் ஊர்கள் இருந்த கரையில் உருக்காலை நகரமே எழுந்தது. உலகில் தோண்டப்படும் நிக்கலில் பாதிக்கு மேல் இப்போது அந்த நாட்டிலிருந்து வருகிறது. கச்சாப்பொருளை விற்றே காலம் தள்ளிய ஒரு பழைய காலனி நாடு இப்படி நிமிர்ந்து பேசியதை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஆலைகளில் பெரும்பகுதி சீன முதலீட்டில் நடப்பவை. அவற்றுக்கு மின்சாரம் தருவது அங்கேயே எரிக்கும் நிலக்கரி. மின்வாகன மின்கலத்துக்கான உலோகம் நிலக்கரிப் புகையில் உருகுகிறது. ஆற்று நீர் சிவந்து, மீன்பிடி நொடித்த கிராமங்கள் உண்டு. 2023 டிசம்பர் 24 அன்று மொரோவாலி உருக்காலை ஒன்றின் வெடிவிபத்தில் 20 தொழிலாளர்களுக்கு மேல் இறந்தார்கள். தடையின் பொருளாதாரக் கணக்கை எழுதும்போது இவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தோனேசியா தலைநகரை ஏன் மாற்றுகிறது?

வடக்கு ஜகார்த்தா தாழ்ந்துகொண்டிருக்கிறது. குழாய்த் தண்ணீர் போதாமல் நிலத்தடி நீரை உறிஞ்சியதே முதன்மைக் காரணம். போர்னியோ தீவில் உள்ள கிழக்குக் கலிமந்தானில் நுசந்தாரா என்ற புதிய தலைநகருக்கு 2022-இல் சட்டம் இயற்றினார்கள். ஜாவாவின் மீதுள்ள பாரத்தைக் குறைப்பதும் நோக்கம். தலைநகர் மாறினாலும் ஜகார்த்தாவின் கோடிக்கணக்கான மக்கள் அங்கேதான் இருப்பார்கள். அவர்களுக்குக் குழாய் நீர் கிடைக்கச் செய்வதே அவசரமான வேலை.

தாய்லாந்து ஏன் பின்தங்குகிறது?

பணக்கார நாடாகும் முன்பே மூப்படைந்துவிட்டது. 2021 முதல் அங்கே பிறப்பைவிட இறப்பு அதிகம். குடும்பங்களின் கடன் நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீதம். ஆட்சிக் கவிழ்ப்புகளும் நீதிமன்றங்கள் கட்சிகளைக் கலைத்த தீர்ப்புகளும் நீண்டகாலத் திட்டங்களை நிலைக்கவிடவில்லை. ஜப்பானியப் பிக்கப் லாரிகளை நம்பியிருந்த ரயோங்கில் 2024 ஜூலையில் சீனாவின் பி.ஒய்.டி. மின்வாகன ஆலை திறந்தது. பழைய உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு அது நல்ல செய்தியாக இல்லை.

பிலிப்பைன்ஸ் மக்களை ஏற்றுமதி செய்து வாழ்கிறது என்பது உண்மையா?

கடுமையான வாக்கியம், ஆனால் எண்ணிக்கை அதை ஆதரிக்கிறது. 1974-இல் மார்கோஸ் ஆட்சி வெளிநாட்டு வேலைவாய்ப்பை அரசுக் கொள்கையாக்கியது. 2024-இல் வெளிநாட்டிலுள்ளோர் அனுப்பிய தொகை சுமார் 3,800 கோடி டாலர், நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கு மேல். உலகச் சரக்குக் கப்பல்களில் பணிபுரியும் மாலுமிகளில் பெரும் பங்கினர் அவர்கள். மணிலாவிலும் செபுவிலும் அயல்நாட்டு வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் தொழில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு வேலை தருகிறது. செயற்கை நுண்ணறிவு முதலில் தொடப்போவது அந்த வேலைகளையே என்ற அச்சம் அங்கே பரவலாக உண்டு.

இந்த நாடு உலகத்துக்குக் கொடுத்த இன்னொன்று நெல். லாஸ் பான்யோஸில் 1960-இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம்தான் 1966-இல் அதிக விளைச்சல் தரும் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டு வயல்களிலும் அது வந்து சேர்ந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்த நிலையத்தின் தலைமை இயக்குநராக இருந்தார்.

மீகாங் ஆற்றில் அணைகள் கட்டுவதை ஏன் எதிர்க்கிறார்கள்?

திபெத்திய மேட்டுநிலத்தில் பிறந்து ஆறு நாடுகளைத் தொட்டு, நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வியட்நாமில் கடலில் சேரும் ஆறு இது. கம்போடியாவில் இது செய்யும் வேலை அதிசயமானது. மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது, தோன்லே சாப் ஆற்றின் நீர் திசை மாறிப் பின்னோக்கிப் பாய்ந்து ஏரியை நிரப்புகிறது. ஏரி நான்கைந்து மடங்கு விரிந்து காட்டுக்குள் புகும். அங்கே மீன் குஞ்சு பொரிக்கும். கோடையில் நீர் திரும்பி இறங்கும். கம்போடியர் உண்ணும் புரதத்தில் பெரும்பகுதி இந்த ஏற்ற இறக்கத்தால் வருவது. அங்கோர்ப் பேரரசும் இந்த மீனையும் நெல்லையும் உண்டே வளர்ந்தது.

மேலே சீனா பத்துக்கும் மேற்பட்ட அணைகளை முதன்மை ஆற்றில் கட்டியிருக்கிறது. லாவோஸ் தன் பங்குக்குச் சயாபுரி அணையை 2019-இல் இயக்கத் தொடங்கியது. அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி தாய்லாந்துக்கு விற்கப்படுகிறது. வெள்ளம் உரிய நேரத்தில் வருவதில்லை. வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. கீழே வியட்நாமின் கழிமுகத்தில் சுமார் 1.7 கோடிப் பேர் வாழ்கிறார்கள். நாட்டின் அரிசியில் பாதி அங்கே விளைகிறது. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கிறது. வண்டல் குறைந்து, கட்டுமானத்துக்கு மணலும் அள்ளப்பட்டு, நிலத்தடி நீரும் இறைக்கப்பட்டு அந்த நிலம் அமிழ்கிறது. 2016-லும் 2020-லும் உப்புநீர் பல பத்துக் கிலோமீட்டர் உள்ளே ஏறி நெல்லைக் கருக்கியது. காவிரிக் கடைமடையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1995-இல் அமைந்த மீகாங் ஆற்று ஆணையத்தில் சீனா முழு உறுப்பினர் இல்லை. கீழ்நாடுகளுக்கும் ஒரு திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லை. கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான்.

லாவோஸுக்காவது அணைகளால் பலன் கிடைத்ததா?

மின்சாரம் விற்ற வருமானம் வந்தது; கடனும் வந்தது. கூடவே 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து வியந்தியான் வரை சுமார் 600 கோடி டாலர் செலவில் ரயில்பாதை திறந்தது. மலைநாட்டில் ஒரு நாள் பயணம் சில மணி நேரமானது. துரியன் பழமும் வாழையும் விரைவாகச் சீனச் சந்தையை அடைகின்றன. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் நாட்டின் கடன் ஆண்டு உற்பத்தியையே தாண்டும் அளவுக்கு ஏறி, மின்கடத்தும் வலையமைப்பின் பெரும்பான்மைப் பங்கு சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018 ஜூலையில் தெற்கே ஒரு துணை அணை உடைந்து கிராமங்கள் அடித்துச் செல்லப்பட்டன.

அமெரிக்க வரிகள் இந்த நாடுகளைப் பாதித்தனவா?

2025 ஏப்ரலில் அமெரிக்கா வியட்நாமுக்கு 46 சதவீதம், கம்போடியாவுக்கு 49 சதவீதம் என்று அறிவித்தபோது ஆடைத் தொழிற்சாலைகள் கலங்கின. பேச்சுவார்த்தைக்குப் பின் வியட்நாமுக்கு 20, கம்போடியா, தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாவுக்கு 19 என்று குறைத்தார்கள். ஒரே வாங்குபவரை நம்பி வளர்ந்த ஏற்றுமதியின் பலவீனம் அந்தச் சில மாதங்களில் வெளிப்பட்டது.

ஆசியான் ஐரோப்பிய ஒன்றியத்தைப் போன்றதா?

இல்லை. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்குப் பொது நாணயமோ பொது நாடாளுமன்றமோ கிடையாது, ஒருமனதாக முடிவெடுப்பார்கள், பிறர் உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுவதில்லை. 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் அதைத் தொடங்கிக் கையெழுத்திட்ட ஐந்து அமைச்சர்களில் ஒருவர் சிங்கப்பூரின் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சண்டையிட்டுக்கொண்டிருந்த அண்டை நாடுகளைப் பேசவைத்தது பெரிய சாதனை. அதே மென்மை 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மியான்மரில் நடந்த உள்நாட்டுப் போரைத் தடுக்கப் பயன்படவில்லை. இந்த இயலாமைக்கு ஆசியான் மியான்மர் மக்களிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

கிழக்கு திமோர் ஆசியானில் சேர்ந்ததால் என்ன மாறும்?

2025 அக்டோபரில் கோலாலம்பூர் மாநாட்டில் பதினொன்றாவது உறுப்பினரானது. மக்கள்தொகை 14 லட்சத்துக்கு அருகில். 2002-இல் விடுதலை பெற்றதிலிருந்து அரசுச் செலவு கடலடி எண்ணெய், எரிவாயு வருமானத்தில் நடந்தது. முக்கியமான பாயு உந்தான் வயல் 2025-இல் வற்றிவிட்டது. மிச்சமிருப்பது அந்த வருமானத்தைச் சேர்த்துவைத்த நிதியும், இன்னும் தோண்டாத கிரேட்டர் சன்ரைஸ் வயலும். அந்த வாயுவை ஆழமான கடற்பள்ளத்தைத் தாண்டிச் சுமார் 150 கிலோமீட்டர் குழாய் போட்டுத் திமோர் கரைக்குக் கொண்டுவருவதா, அதைவிட மூன்று மடங்கு தூரத்திலுள்ள ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கு, ஏற்கெனவே ஆலை இருக்கும் இடத்துக்கு அனுப்புவதா என்பதில் பல ஆண்டுகளாக இழுபறி. தங்கள் தென்கரையிலேயே ஆலை வேண்டும் என்கிறது திமோர் அரசு. ஆசியான் உறுப்பினர் என்ற தகுதி முதலீடு தேடும் அந்தப் பேச்சில் அவர்களுக்குக் கொஞ்சம் வலுச் சேர்க்கும்.